அட்டாலியில் கிடக்கும் யுத்தம்

சூலூர் விமான தளத்துக்கு இரண்டு கதைகள் உண்டு. 1942 ஆகஸ்ட் 26ஆம் தேதி, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இறங்கிய கோவை வட்டாரத்து ஆட்கள் அந்தத் தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். அதே மாதம்தான் சிங்காநல்லூர் பக்கம் ராணுவத் தளவாட ரயில் கவிழ்க்கப்பட்டது. போர் முடிவதற்குள் அதே சூலூரில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமான நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. விமான நிலையங்களுக்குப் பறவைப் பெயர் சூட்டுவது அந்தக் கடற்படையின் வழக்கம். சூலூருக்கு அவர்கள் வைத்த பெயர் 'வைரி'. தோட்டத்துக் கோழிக்குஞ்சுகளை வட்டமிடும் சிறு பருந்துக்கு நாம் சொல்லும் பெயர் அது. பீளமேட்டில் 1942 முதல் இயங்கிய அவர்களது விமானப் பழுதுபார்ப்புக் கூடத்துக்குப் பெயர் 'கருடா'. ஆக, ஒரே வட்டாரத்தில், ஒரே நான்கு வருடங்களுக்குள், தளத்தைக் கொளுத்திச் சிறைக்குப் போனவரும், பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவரும், போர் வேலைகளில் கூலிக்குச் சேர்ந்தவரும் இருந்தார்கள். இந்த மூவரும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே குடும்பத்திலேயே வாழ்ந்திருக்க முடியும். இவர்களில் யாருடைய நினைவு பத்திரமாக இருக்கிறது என்று பார்த்தால், விண்ணப்பப் படிவம் இருந்தவர்களுடையது மட்டும்தான். 1972இல் தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயமும் மத்திய அரசின் ஓய்வூதியமும் வந்தன. அதற்குச் சிறைச் சான்று கேட்டார்கள். சான்று கேட்டதால் கதையும் ஓரளவு எழுத்தில் ஏறியது. போர்க்காலத்துக்கென்று மட்டும் சேர்க்கப்பட்ட சிப்பாய்களோ பெரும்பாலும் பென்ஷன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் எஞ்சியிருந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை தந்தது பின்னால்தான். அவர்கள் கதையைப் பெரும்பாலும் யாரும் கேட்டு எழுதவில்லை. அது குடும்பத்தின் பொறுப்பில் விடப்பட்டது. அந்தக் குடும்ப நினைவை உணர்ச்சிப் பொருளாக மட்டும் வைத்திருக்காமல் வரலாற்றுச் சான்றாக மதித்து, இப்போதே சேகரிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கல்லில் பொறித்த பெயர்கள் போதாதா என்று கேட்கலாம். கற்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். டெல்லி இந்தியா கேட்டில் இருக்கும் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் முதல் உலகப் போர்க் காலத்தவை. 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னம் 1947க்குப் பின் மாண்டவர்களுக்கானது. இரண்டுக்கும் நடுவில் இரண்டாம் உலகப் போர் காணாமல் போகிறது. அதில் செத்த பலரின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானிலும் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் இருக்கின்றன. கொங்கு நாட்டுக் குடும்பம் ஒன்று அங்கே போய்ப் பெயரைத் தேடுவது நடக்கிற காரியமா? வேலூர் மணிக்கூண்டில் ஒரு பலகை இருக்கிறது. அந்த ஊரிலிருந்து 277 பேர் 'பெரும் போர்' எனப்பட்ட முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை, எண்கள் மட்டும்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. கல் செத்தவர்களை மட்டுமே அறியும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 87,000 பேர். அதாவது நூறு பேர் போனால் தொண்ணூற்றாறு பேராவது திரும்பி வந்தார்கள். மலேரியாவோடு வந்தார்கள், அரைகுறை இந்தியோடு வந்தார்கள், ரம் பழக்கத்தோடும் வந்தார்கள், ஊரின் சாதிக் கட்டுக்கு வெளியே சாப்பிட்டுப் பழகிய நாக்கோடும் வந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து வாழ்ந்த நாற்பது ஐம்பது வருடங்களுக்கு எந்த ஊரிலும் கல் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது வீடு மட்டும்தான்.

கொங்கு நாடு உழவும் நெசவும் ஆலையுமாக இருந்த பூமி, இது சிப்பாய் பூமி அல்ல, இங்கே போர் நினைவைத் தேடுவதே வீண் என்பார்கள் சிலர். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 'போர்க்குணம் உள்ள இனங்கள்' என்று சிலரை மட்டும் பிரித்துவைத்த ஆங்கிலேயக் கொள்கை, 1880களில் சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் போன்றவர்களால் வளர்ந்தது. தெற்கத்தியர்கள் சண்டைக்கு ஆகாதவர்கள் என்று சொல்லிச் சொல்லியே 1930களுக்குள் மெட்ராஸ் காலாட்படையின் நிரந்தரப் பட்டாளங்களைக் கலைத்துவிட்டார்கள். பிறகு இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் கொள்கை மறந்துபோயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மறுபடி உயிர் வந்தது. அதன் பயிற்சி மையம் கோவைக்குப் பக்கத்திலேயே மதுக்கரையில் இருந்து, 1947 பிப்ரவரியில்தான் நீலகிரியின் வெலிங்டனுக்கு மாறியது. மலையேறும்போது இன்று நாம் பெருமையோடு பார்க்கும் அந்த மையம் கொங்கு மண்ணிலிருந்து போனது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இது சிப்பாய் பூமி அல்ல என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. போர் சிப்பாயின் வழியாக மட்டும் வீட்டுக்குள் நுழைவதில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷனும் கூப்பனும் கறுப்புச் சந்தையும் அதற்குப் பின் தமிழ்நாட்டு வீட்டுச் சொற்கள் ஆயின. ஆலைகள் ஓய்வில்லாமல் ஓடின. ஊரில் நூலும் துணியும் கிடைக்காத காலத்திலேயே ஆலைக்காரர்களுக்கு நல்ல காலமும் வந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள். ஆகவே போர்க்கால நினைவைக் கேட்கப் போகிறவர் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஊரார் சொல்லும் வீட்டோடு நிற்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் அப்பத்தா எந்தத் தானியத்தைக் குத்தி, எத்தனை பேருக்கு எப்படிக் கஞ்சியை நீட்டினார் என்பதும் அந்தப் போரின் கதைதான்.

சண்டையை நினைவில் வைத்திருப்பது எப்படி என்று கொங்கு நாட்டுக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் புலிக்குத்திக்கல்லும் வீரக்கல்லும் இன்றும் நிற்கின்றன. சிலவற்றுக்குப் பொட்டு வைத்துப் பொங்கலும் வைக்கிறார்கள். வீரனுக்குக் கல் தேடுவதிலிருந்து அதை வாழ்த்துவது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தொல்காப்பியம் பெயர் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகள் மாண்ட படுகளத்தை வீரப்பூரில் மாசி தோறும் மக்கள் மறுபடி நடத்துகிறார்கள். பல இரவுகள் நீளும் அந்தக் கதையை 1965இல் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் பாடகர்களின் வாயாலேயே பாடச் சொல்லி நாடாவில் பதிவு செய்தார். அவர் செய்த காரியத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். ஏட்டில் எங்கோ இருக்கும் கதை என்று விட்டுவிடாமல், இந்த ஆள், இந்த ஊரில், இந்த ராத்திரி, இப்படிப் பாடினார் என்று பதிந்துவைத்தார். இன்று அந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்த நாடாக்கள் பெரிய ஆதாரம். பெக் பதிவு செய்த அந்த வருடம், பட்டாளத்திலிருந்து 1945இல் திரும்பியவர்களுக்கு நாற்பது வயதுதான் இருந்திருக்கும். அவர்களிடம் நாடாவை நீட்டியவர்கள் அரிது. அண்ணன்மார் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. படுகளத்துக்குப் போய் அண்ணன்களைத் தேடி எழுப்புகிறவள் அவர்களின் தங்கை தங்காள். வாள் பிடித்தவர்கள் அவர்கள் என்றாலும், அந்தக் கதை முழுமை பெறுவது தேடிப் போன பெண்ணால்தான். நம் குடும்பங்களிலும் நிலைமை அதுதான். மணியார்டர் எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை, கடுதாசியை யார் படித்துச் சொன்னார், கிணற்றுக் கவலை ஓட்ட ஆள் இல்லாத வருடம் தோட்டத்தை எப்படி ஓட்டினோம் என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது. சிப்பாயைப் பேட்டி எடுக்கிறவர்கள் பக்கத்தில் நிற்கும் மனைவியை டீ கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, பாதிக் கதையையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

வயதானவர்களின் நினைவு தவறும், வருடம் மாறும், ஊர் மாறும், கேட்ட கதையைத் தான் பார்த்ததாகச் சொல்வார்கள், இதை எப்படிச் சான்று என்பது என்று வரலாறு படித்தவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு மிகச் சரியான பதிலை இத்தாலியின் டெர்னி என்ற உருக்காலை நகரிலிருந்து சொல்லலாம். 1949இல், இத்தாலி நேட்டோவில் சேர்வதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளி போலீஸாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் ஊராரைக் கேட்டபோது, பலர் அந்தச் சாவு 1953இல், ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை நீக்கப்பட்ட கலவரத்தின்போது நடந்ததாகச் சொன்னார்கள். போர்ட்டெல்லி அந்தத் தவற்றைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை. ஏன் இப்படி நினைக்கிறார்கள் என்று கேட்டார். தங்கள் வாழ்க்கையை உடைத்தது 1953தான் என்பதால், தோழனின் சாவை அந்த இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள் என்று கண்டார். தேதியைக் காகிதம் சொல்லியது. அந்தச் சாவுக்கு ஊர் கொடுத்த பொருளைத் தவறான நினைவுதான் சொல்லியது. மில் நகரமான கோவைக்கு இது நன்றாகவே புரியும். ஒரு தாத்தா தான் பார்த்த சண்டையின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அதைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம், வேதம் என்று எழுதவும் வேண்டாம். பக்கத்திலேயே காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படை எண், சேர்ந்த நாள், விடுவித்த நாள் இருக்கும். முதல் உலகப் போர் மெடலின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருப்பார்கள். அந்த மெடல் வெள்ளி என்பதாலேயே உருக்கப்பட்டவை உலகம் முழுக்க ஏராளம். நம் பக்கத்தில் கொலுசாகவும் அரைஞாணாகவும் ஆனவை இருந்தால் ஆச்சரியமில்லை. கேட்பாரற்ற காகிதத்திலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு லாகூர் அருங்காட்சியகம் சாட்சி. சுமார் 97 ஆண்டுகள் அங்கே தூங்கிய பஞ்சாப் பதிவேடுகளில் முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் இருந்தன; 2021இல் அவை கணினியில் ஏறத் தொடங்கின. பேரப்பிள்ளைகள் தங்கள் கிராமத்தின் பெயரைத் தட்டி, முன்னோரைக் கண்டுபிடித்தார்கள்.

மனத்தைக் குடையும் ஆட்சேபம் வேறு ஒன்று. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவரை ஏன் கொண்டாட வேண்டும்? சூலூரைக் கொளுத்தியவர்களுக்கு இது துரோகம் ஆகாதா? கொண்டாடுவதும் நினைவில் வைப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது கைதான பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களில் ஒரு பெரும் பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களும் இருந்தார்கள். நேற்றுவரை ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் இவர்கள். ஒருவருக்குப் பின்னாளில் தியாகி ஓய்வூதியம் கிடைத்தது, மற்றவருக்கு அது இல்லை. அந்த முடிவைக் கொள்கை எடுத்ததா, பயம் எடுத்ததா, நண்பன் எடுத்ததா, பசி எடுத்ததா என்று தெரிந்துகொள்ள வீட்டில் சொன்ன கதையைத் தவிர வேறு வழியில்லை. நமக்கு இன்னும் நெருக்கமான, இன்னும் வலிக்கிற ஒன்றும் உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் உயிரிழந்தார்கள். தமிழ் பேசும் சிப்பாய்கள் தமிழ் ஊர்களுக்குள் துப்பாக்கியோடு போனார்கள். அங்கே அப்பாவிகளும் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது தமிழ்நாட்டின் மனநிலையைச் சரியாகவே காட்டியது என்பது என் எண்ணம். ஆனால் திரும்பி வந்த சிப்பாய் அதற்குப் பிறகு யாரிடம் பேசியிருப்பார்? ஊரில் ஈழ ஆதரவு ஊர்வலம் போகும்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அவர், யாழ்ப்பாணத்து வீடுகளில் தான் கேட்ட தமிழைப் பற்றி மனைவியிடமாவது சொன்னாரா? அவரைக் கொண்டாடும்படி நான் கேட்கவில்லை. அவர் வாக்குமூலம் இல்லாமல் அந்த மூன்று வருடங்களை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது என்கிறேன். அங்கே பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலத்தோடு பக்கத்தில் வைத்துத்தான் இதையும் படிக்க வேண்டும். வீரம் என்று தொடங்கும் எந்தப் பதிவும் இங்கே பயன்படாது. 'அங்கே என்ன பார்த்தீர்கள்' என்று தொடங்கும் பதிவு பயன்படும்.

மரியாதை செய்வதில் இந்த வட்டாரம் குறைவைத்ததில்லை. 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தார்கள். ஓடிவந்து உதவியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். மறுநாள் உடல்களைச் சூலூருக்குக் கொண்டுபோன வழியெங்கும் மக்கள் நின்று பூத் தூவினார்கள். அது உண்மையான துக்கம். அதில் பத்தில் ஒரு பங்கு அக்கறையை உயிரோடு இருக்கும் முன்னாள் படைவீரரின் திண்ணைக்குக் கொண்டுபோனால் எவ்வளவோ கிடைக்கும். காலமும் அதிகம் இல்லை. 1945இல் பதினெட்டு வயதாக இருந்தவருக்கு இப்போது நூறை ஒட்டிய வயது. அவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள், அவர்களின் மனைவியரும் பிள்ளைகளும்தான் மிச்சம். 1971 போருக்குப் போன இளைஞர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. இதற்குப் பெரிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, பழைய போட்டோக்களின் பின்பக்கம் பெயர் எழுத ஒரு பென்சில் போதும். அட்டாலியில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை இறக்கி, பூஞ்சை பிடித்த காகிதங்களைப் படமெடுத்து வைக்கலாம். கோவைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்து, நூலகத்தில் சேர்த்து வைக்கலாம்.

பேச விரும்பாதவரை ஏன் கிளற வேண்டும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கிளறக் கூடாது என்பதுதான் என் பதிலும். சில அப்பாருகள் பர்மாவைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றியும் அட்டைப் பூச்சியைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். அதற்கு மேல் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கேட்கிறவர் அன்றைய தேதியைப் போட்டு, மழையும் அட்டையும் என்று எழுதி, அதற்குக் கீழே, 'மற்றதைச் சொல்லவில்லை' என்று எழுதிவைத்துவிட்டு வரலாம்.