நோர்வேக்கு வழி திறந்த மாணவர்

கல்விக்காகக் கடல் கடப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. ஆயினும், முன்னாளில் அவர்தம் நாட்டம் பெரும்பாலும் சென்னையையும் இலண்டனையுமே சார்ந்திருந்தது. பனி சூழ்ந்த நோர்வேயை நினைத்தவர் அரியர்.

அந்நாட்டிற்கு 1956ஆம் ஆண்டில் முதற்றமிழராகச் சென்றவர் குருநகர் அந்தோனி இராசேந்திரம். அவர் அங்கு கற்றது நம் கரையோர மக்களின் தொழிலாகிய மீன்பிடியையே. கற்றதை ஊருக்குக் கொணர்ந்தார். 1967இல் நோர்வே நண்பர்களின் துணையுடன் ‘சீநோர்’ நிறுவனம் உருவாயிற்று. காரைநகரிற் படகு கட்டும் தளமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன.

அவர் திறந்த வழியே பின்னர் இளைஞர் பலர் நோர்வேயின் மக்கள் உயர்கல்லூரிகளிற் சேர்ந்தனர். டென்மார்க்கில் 1844இலும் நோர்வேயில் 1864இலும் தோன்றிய இக்கல்லூரிகளில் பரீட்சை இல்லை, பட்டமும் இல்லை. மாணவர் ஒருங்கே உறைந்து, ஒருங்கே உண்டு, கைவேலையும் பழகுவர். பரீட்சைப் பெறுபேறே கல்வி என்றெண்ணி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புத்துலகம் அன்றோ!

படிப்பின் பின் வடகோடிக்குச் சென்றோர், ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே உதியாத குளிர்காலத்தில் மீன் ஆலைகளில் உழைத்தனர். 1983இன் பின் போர் மூண்டதால், மாணவராய்ச் சென்ற பலர் அந்நாட்டுக் குடிகளாயினர்.

இன்று நிலைமை வேறு. ஐரோப்பாவிற்கு வெளியேயிருந்து புதிதாக வரும் மாணவரிடம் நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்கள் 2023 முதல் கல்விக் கட்டணம் அறவிடுகின்றன. எனவே, காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர், எந்த நாடு என்று கேட்குமுன், எதைக் கற்கப் போகிறாய் என்று கேட்பாராக. இராசேந்திரத்திடம் அவ்வினாவிற்குத் தெளிவான விடை இருந்தது.