தசைநாண் வலிக்குச் செல் ஊசி

தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறுதான் தசைநாண். கொலாஜன் என்னும் புரத இழைகள் நெருங்கி அடுக்கிய அமைப்பு அது. அந்த இழைகளை உண்டாக்குவதும் பழுதுபார்ப்பதும் டெனோசைட் என்னும் செல்களின் வேலை. தசையில் இருப்பதைவிட இங்கே செல்களும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே, தசைநாணில் பட்ட காயம் மெதுவாகத்தான் ஆறும்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் கதிர் அறுப்பவர், மண்வெட்டி பிடிப்பவர், தறியில் அமர்பவர் எல்லோருக்கும் நாள் முழுக்க ஒரே கை அசைவு. பழுதுபார்க்கும் வேகத்தைத் தேய்மானம் மிஞ்சும்போது இழைகள் ஒழுங்கு குலைகின்றன. வலுக்குறைந்த மூன்றாம் வகைக் கொலாஜன் பெருகுகிறது. முழங்கையின் வெளிப்புறத்தில் இது நேர்ந்தால் ‘டென்னிஸ் எல்போ’ என்பார்கள். டென்னிஸ் மட்டையைத் தொடாதவருக்கும் வரும்.

இதற்குப் பரவலாகப் போடப்படுவது ஸ்டீராய்டு ஊசி. சில வாரங்களுக்கு வலி அடங்கும். ஆனால், 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டுக்குள் வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 54 சதவீதம். வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களில் 12 சதவீதம்தான்.

அடுத்து வந்தது பி.ஆர்.பி. ஊசி. நோயாளியின் ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைச் செறிவாக்கி, வலிக்கும் இடத்தில் செலுத்துவது இது. முழங்கை வலிக்கு இம்முறையால் குறிப்பிடத்தக்க பலன் அநேகமாக இல்லை என்று, 32 ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு கூறியது.

செல் ஊசி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முழங்காலின் தசைநாணிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து, அதிலுள்ள டெனோசைட்களை ஆய்வகத்தில் பல வாரம் வளர்த்துப் பெருக்கி, அல்ட்ராசவுண்ட் உதவியோடு சிதைந்த இடத்தில் செலுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முதற்கட்ட ஆய்வில் நாள்பட்ட முழங்கை வலி வெகுவாகக் குறைந்தது. ஆனால், சேர்ந்தவர்கள் 20 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. டென்னிஸ் எல்போ பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் தானே தணிவது என்பதால், ஒப்பீடு இல்லாத முடிவு உறுதியான சான்றாகாது.

செல் ஊசிகளில் இன்னொரு வகை ஸ்டெம் செல் ஊசி. இந்தியாவில் ஸ்டெம் செல் தயாரிப்புகளை 2019ஆம் ஆண்டு விதிகள் புதிய மருந்தாகவே கருதுகின்றன. மத்திய அரசின் ஒப்புதல் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது.

இன்று முதலில் நாட வேண்டியது, சுமையைப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி. சிறு எடையைப் பிடித்து மணிக்கட்டை மெல்லத் தாழ்த்துவது அதில் ஒன்று; பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று எவரேனும் பெருந்தொகை கேட்டால், நிலத்தையோ நகையையோ அடகு வைக்குமுன் அரசு எலும்பு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.