ஒரே புல், இரண்டு விலை

வயோமிங்கில் காரை ஓரங்கட்டிப் பார்த்தேன். சேஜ் புதர்களுக்கு நடுவே மாடுகள், வேலிக்கு அப்பால் மான்கள். நிலம் அமெரிக்க அரசுடையது. அங்கே ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2024இல் கட்டணம் 1.35 டாலர், நான் குடித்த காப்பி அதைவிட விலை! அதே புல்லை மேயும் ஒரு எல்க் மானை வெளிமாநிலத்தார் வேட்டையாட உரிமத்துக்கே ஏறக்குறைய 700 டாலர். பிறகு விடுதி, பெட்ரோல், வழிகாட்டி. துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது.

அப்படியானால் மாட்டைவிட மான்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. உரிமப் பணம் மாநில வனவிலங்குத் துறைக்கு. மேய்ச்சல் கட்டணத்தை வசூலிப்பது மத்திய அரசு. வேட்டைக்காரர் இலையுதிர்காலத்தில் சில நாள் வந்து போவார். மாட்டுக்காரர்தான் ஊர்க்கடைக்கு வருஷம் முழுக்க வாடிக்கை. மலையில் பனி விழுந்தால் எல்க் இறங்கிவருவதும் பல இடங்களில் அவருடைய சொந்தப் புல்வெளிக்குத்தான்.