டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஹலால் முத்திரை இருந்தால் மாட்டுச் சம்பந்தம் இருக்காது என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு ஊறிக் கிடக்கிறது. மலேசியாவின் பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் ஆயுசுக்கும் மாட்டிறைச்சியைத் தொடாத பாட்டிமார், பேரப்பிள்ளை அழுதால் கம்மி மிட்டாயும் மார்ஷ்மெல்லோவும் வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஜெலாட்டின். அது முறைப்படி அறுத்த மாட்டின் தோலையோ எலும்பையோ காய்ச்சி எடுத்ததாக இருக்கலாம். ஹலால் என்பது முஸ்லிம்களுக்குத் தரப்படும் உறுதி. அதில் பன்றி இல்லை, அறுத்த முறை சரி என்பதுண்டு. மாடு இல்லை என்பது கிடையாது. இதில் யாரும் நம்மை ஏமாற்றவில்லை. டப்பாவின் பின்பக்கத்தில் ‘ஜெலாட்டின் லெம்பு’ என்று பொடி எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட பாட்டிக்கு அந்த எழுத்து எதற்கு உதவும்?

1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் நமக்குத் தரும் உரிமைகள் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. சேர்மானங்களை எடை வரிசையில் எழுத வேண்டும். முதலில் இருப்பதே அதிகம். மாடு, பன்றி, அவற்றிலிருந்து எடுத்தவை கலந்திருந்தால் சொல்லியாக வேண்டும். கோதுமை போன்ற பசையச்சத்துத் தானியங்கள், கடலை, பால், முட்டை, மீன் இருந்தாலும் அப்படித்தான். எழுதுவது மலாயிலோ, இறக்குமதிப் பொருளானால் ஆங்கிலத்திலோ இருக்கும். அதனால் பத்துப் பதினைந்து மலாய்ச் சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘பெராப்பி மாக்கானான்’ என்ற சொல்லை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். உணவின் பதத்தைச் சீராக்க அனுமதிக்கப்பட்ட சேர்மானங்களின் பொதுப்பெயர் அது. கெட்டியாக்கும் பொருள்கள் இந்தக் குடையின் கீழ்தான் வருகின்றன. ‘பெமெக்காட்’ என்றால் கெட்டியாக்குவது, ‘கஞ்சி தெருபா சுவாய்’ என்றால் வேதிமுறையில் மாற்றிய மாவு. எண்ணாகப் போட்டிருந்தால் 406 கடல்பாசி, அதாவது அகார் அகார்; 407 இன்னொரு வகைக் கடற்பாசிச் சாறு; 440 பழங்களின் பெக்டின்; 415 நுண்ணுயிர் நொதித்துத் தரும் சாந்தன் பசை. 412 என்பது குவார் பசை. அது வேறொன்றுமில்லை, நம் கொத்தவரங்காயின் விதைதான். இந்த எண்களைக் கண்டு மிரள வேண்டாம், பெரும்பாலானவை செடியும் பாசியும்தான். கெட்டியாக்கும் பொருள்களில் மாட்டையும் பன்றியையும் தவிர்ப்பவர்கள் முக்கியமாகத் தேட வேண்டிய சொல் ஜெலாட்டின். வீட்டில் ஜெல்லி செய்ய அகார் அகார் இருக்கும்போது அது எதற்கு என்பது என் கேள்வி.

ஜப்பான்காரன் காலத்தை நினைத்தால் இதெல்லாம் ஆடம்பரப் பேச்சு. 1943இன் கடைசியில் சிங்கப்பூரின் யூரேசிய, சீனக் கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து பகாவ் காட்டில் குடியேற்றினார்கள். மலேரியாவில் பலர் மடிந்தார்கள். அவர்களோடு வந்த ஆயர் தெவால்ஸும் 1945இல் இறந்தார். அரிசி இல்லாத அந்த நாட்களில் மலாயா முழுக்க உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது மரவள்ளிக்கிழங்கால். கிழங்கைத் துருவி, பிழிந்து, நீரில் படியும் மாவை உலர்த்தி எடுப்பதுதான் இன்று கடையில் ‘தெப்போங் ஊபி காயு’ என்று பாக்கெட்டில் கிடைக்கிறது. பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் நஞ்சு உண்டு. தோலை உரித்து நன்றாக வேகவைக்காமல் சாப்பிடக்கூடாது என்று அன்றைய கிழவிகள் சொன்னது அறிவியல்தான்.

சமையலில் எதை எங்கே போடுவது? சோளமாவைச் சூட்டில் நேரடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி வரவிட வேண்டும். கொதிக்காவிட்டால் பச்சை வாசனை போகாது. புளியோ எலுமிச்சையோ சேர்த்துக் கொதிக்கவிட்டால் மாவு தளர்ந்து தண்ணீராகும், ஆகையால் புளிப்பைக் கடைசியில் சேருங்கள். மரவள்ளி மாவு பளபளப்பாகக் கெட்டியாகும், அதிகம் கொதித்தால் இழுவிப்போகும். மோர்க்குழம்புக்கு ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் அரைத்துவிடுவதை எந்தப் பாக்கெட்டும் வெல்ல முடியாது. குழம்பு கெட்டியாவதோடு மோர் திரியாமலும் அது காக்கிறது. குருமாவுக்குக் கசகசா அரைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். சிங்கப்பூரில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். மகளைப் பார்க்கப் போகிறேன் என்று மசாலாவோடு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் சிக்கல்தான். முந்திரியும் தேங்காயும் போதும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் சீனியைக் குறைத்துவிட்டு, மாவு போட்டுக் கெட்டியாக்கிய சூப்பைத் தட்டு நிறையக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மாவும் வயிற்றுக்குள் போனால் சீனிதான். கடைக் குழம்புக்கு லேபிளும் கிடையாது. மீ ரெபுஸ் குழம்பைச் சீனிக்கிழங்கால் கெட்டியாக்குவது வழக்கம், நிலக்கடலை அரைத்துச் சேர்ப்பவர்களும் உண்டு. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் வாய்விட்டுக் கேட்பது ஒன்றே வழி.

ஆபத்து வரும் இடம் வேறு. 1988 அக்டோபரில் பேராக்கில் ‘லோ ஷீ பன்’ எனும் அரிசி நூடுல்ஸைச் சாப்பிட்டு 13 குழந்தைகள் இறந்தார்கள். மாவில் பூத்த பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சினும், போரிக் அமிலமும் ஆய்வில் பேசப்பட்டன. உணவு மொறுமொறுப்பாகவோ ரப்பர்போலவோ இருக்க, போரிக் அமிலத்தின் உப்பான வெண்காரம் சேர்ப்பது இன்னும் ஒழியாத பழக்கம். 2013 மே மாதம் தைவானில், பபிள் டீ முத்துக்கும் மீன் உருண்டைக்கும் போகும் மாவில் அனுமதியில்லாத மாலெயிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட்டது. சிங்கப்பூர் அப்போது பல மாவுப் பொருள்களைத் திரும்பப் பெறச் செய்தது. சின்னக் கிண்ணத்தில் வரும் கொஞ்ஞாக்குக் கிழங்கு ஜெல்லி இன்னொரு கவலை. அது வாயில் கரையாது, உறிஞ்சும்போது தொண்டையை அடைத்துவிடும். ஜெல்லி மிட்டாயில் கொஞ்ஞாக்கு சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்ததும் இதனால்தான். சிறு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பக்கவாதம் வந்து விழுங்கமுடியாதவர்களுக்கு நீரைக் கெட்டியாக்கும் பொடி தருகிறார்கள். மருத்துவர் சொல்லும் அளவைத் தவிர வேறு அளவில் கலக்கக்கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அத்தகைய ஒரு பொருளைத் தரவேண்டாம் என்று 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

சாப்பிட்ட பொருள்மேல் சந்தேகம் வந்தால் உடனே செய்ய வேண்டியது ஒன்று: மிச்சத்தைத் தூக்கி எறியாமல் பாக்கெட்டோடும் ரசீதோடும் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் முதலில் மருத்துவமனை. அடுத்து, பகாவ் அடங்கிய ஜெம்போல் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் உணவுப் பாதுகாப்புப் பிரிவில் புகார். உடலுக்குக் கேடான உணவை விற்றால் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு.

காசு திரும்பக் கேட்பதற்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். உடல் பாதிப்புக்கான இழப்பீட்டை அது விசாரிக்காது, அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் தமிழிலும் பேசும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேளுங்கள். கையில் ரசீது இல்லாமல் போகிறவர்கள்தான் பாதியில் திரும்பி வருகிறார்கள். சின்னக் கடைக்காரர் ரசீது தராவிட்டால், ஒரு துண்டுத்தாளில் தேதியும் பொருளும் விலையும் எழுதிக் கையெழுத்துக் கேட்டு வாங்குங்கள்.