பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா?

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். கொடி வரிசைகளுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழைவது கடினம். அங்கே சிறிய டிராக்டர்தான் உதவும். புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள்.

புதுப் பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே போங்கள். உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. செலவு வைக்கும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பையை மாட்டித் தூக்கிப் பாருங்கள். தூக்கியது உடனே இறங்கினால் ஹைட்ராலிக்கில் பழுது.

அடுத்து ஆர்.சி.யைப் பாருங்கள். அதில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் வண்டியிலும் அப்படியே இருக்க வேண்டும். வண்டியின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா? கடன் தீர்ந்தது என்று வங்கி தந்த சான்றைக் கேளுங்கள். கடன் பாக்கி இருந்தால் வண்டி உங்கள் கையை விட்டுப் போகலாம். கொடுத்த பணமும் போகும்.

படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்.

எண்களை நீங்களே படித்துப் பாருங்கள். பிறகு முன்பணம் கொடுங்கள்.