ஆழமில்லாக் கடலில் ஒரு நாள்

அந்தமானில் ஒரு நாள் கடல் உலா என்றால் பெரும்பாலும் அதில் மூன்று அங்கங்கள் இருக்கும். படகில் ஒரு தீவுக்குப் போவது. அங்கே முகத்தில் மாஸ்க்கும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புற மிதந்து பவளப்பாறையைப் பார்ப்பது, அதாவது ஸ்நார்கெலிங். கரை திரும்புவதற்குள் ஜெட் ஸ்கீயில் ஒரு சுற்று. மூன்றும் நடப்பது ஆழமில்லாக் கடலில். கரைக்கு வெகு அருகே, ஒரு மீட்டரிலிருந்து ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள் பவளம் வளர்ந்திருப்பதால்தான் நீச்சல் தெரியாதவரும் அதைப் பார்க்க முடிகிறது. படகின் நங்கூரம், மனிதரின் கால், வெயிலின் சூடு எல்லாம் பவளத்தை எளிதில் எட்டிவிடுவதும் அதே காரணத்தால்தான்.

இந்த உலாவுக்கு அதிகம் பேர் போகும் இடம் நார்த் பே. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், ராஜீவ் காந்தி நீர் விளையாட்டு வளாகத்தில் படகேறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னைகளும் கலங்கரை விளக்கமுமாகத் தெரிகிறதே, அது இந்த நார்த் பேதான். அருகே உள்ள மலையிலிருந்து பார்த்த காட்சி. ஹேவ்லாக் தீவில் (2018 முதல் அதிகாரபூர்வப் பெயர் ஸ்வராஜ் த்வீப்) எலிஃபண்ட் பீச் இருக்கிறது. மரம் வெட்டும் தொழிலுக்காக அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் பழகியவை. அவற்றில் பேர்பெற்ற ராஜன் 2016இல் இதே ஹேவ்லாக்கில் இறந்தது. எலிஃபண்ட் பீச்சுக்குக் காட்டு வழியாக நடந்தும் போகலாம், தீவின் படகுத்துறையிலிருந்து படகிலும் போகலாம்.

ஜாலி பாய் தீவின் கதை வேறு. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது அது. வண்டூர் படகுத்துறையிலிருந்துதான் போக வேண்டும். அங்கே ஜெட் ஸ்கீ கிடையாது, கடை கிடையாது. கையில் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு முன்பணம் கட்டி, திரும்பும்போது பாட்டிலைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பாறைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று ஆண்டில் ஒரு பாதி ஜாலி பாயும் மறுபாதி பக்கத்து ரெட் ஸ்கின் தீவும் மாறி மாறித் திறக்கப்படுகின்றன. மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, பவளம்தான் பார்க்க வேண்டும் என்பவர் ஜாலி பாய்க்கே போகலாம்.

படகுகள் பல வகை. உள்ளூரில் டுங்கி எனப்படும் மரப்படகு மெல்லப் போகும், அலையில் நன்றாக ஆடும். இழைக்கண்ணாடியால் ஆன வேகப்படகு விரைவாகப் போகும். ஆனால் அலை இருக்கும் நாளில் மூக்குப் பகுதியில் உட்கார்ந்தவரின் முதுகெலும்பு ஒவ்வொரு அலைக்கும் கணக்குச் சொல்லும். முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்காருவது நல்லது. அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த படகுகளும் உண்டு. பாறைக்கு மேலே அவை நிற்கும்போது பயணிகள் நனையாமலே கீழே பார்க்கலாம். ஜாலி பாயில் பெரிய படகு அணைவதற்குத் துறை இல்லாததால், சற்றுத் தள்ளி நிறுத்தி இந்தக் கண்ணாடிப் படகுகளில்தான் ஆட்களைக் கரை சேர்ப்பார்கள். தண்ணீரில் இறங்கத் துணியாத பெரியவர்களுக்கு இதுவே போதும்.

லைஃப் ஜாக்கெட்டை வாங்கித் தோளில் தொங்கவிட்டுக்கொள்வது நம்மவர் வழக்கம். மார்பில் கொக்கி மாட்டி, பட்டையை இழுத்து இறுக்காத ஜாக்கெட், ஆள் தண்ணீரில் விழுந்ததும் காது வரை ஏறிவிடும். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்கு அருகே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அனுமதித்த அளவைவிட மிக அதிகமான பேரைப் படகு ஏற்றியிருந்தது. ஆகவே படகின் பக்கவாட்டில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதோ அதைப் படித்துவிட்டுத் தலைகளை எண்ணிப் பார்ப்பது சந்தேகப் புத்தி ஆகாது.

புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று வெயில். இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகையிலிருந்து அந்தமான் ஏறக்குறைய 10 பாகை கிழக்கே இருப்பதால், அங்கே சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 40 நிமிடம் முந்தி ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். மதியத்துக்குமேல் கிளம்பினால் தண்ணீருக்கடியில் வெளிச்சம் பாதியாகிவிடும். மற்றொன்று ஓதம். ஒரு நாளில் கடல் இரு முறை ஏறி இரு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே இங்கு சுமார் 2 மீட்டர் வித்தியாசம் வரும். நன்றாக வற்றிய நேரத்தில் பவளத்தின் நுனிகள் நீர்மட்டத்துக்கு வந்துவிடும், அப்போது மிதக்க இடமே இருக்காது. நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது திறந்த கடலின் தெளிந்த நீர் உள்ளே வரும். பாறை பார்க்க அதுவே நல்ல வேளை. இந்த வேளை ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கும் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும் என்பதால், நேற்றுப் போனவர் சொன்ன நேரம் இன்றைக்கு அப்படியே பொருந்தாது. பருவத்தைப் பொறுத்தவரை நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பிவிட்டால் படகுகளை நிறுத்திவைக்கும் நாள்கள் கூடும்.

இனிப் பாறை. பவளப்பாறை என்று சொல்வதெல்லாம் உண்மையில் பாலிப் என்ற சிறு உயிர்களின் குடியிருப்பு. பெரும்பாலான பாலிப்புகள் சில மில்லிமீட்டர் அகலமே இருக்கும். அவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. பழைய கூட்டின் மேல் புதிய கூடு. பாலிப்பின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துப் பெரும்பங்கைப் பாலிப்புக்குக் கொடுக்கின்றன. பவளம் ஆழமில்லாக் கடலை விட்டு விலகாததற்குக் காரணம் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்: ஒளி இல்லையேல் பாசி இல்லை, பாசி இல்லையேல் கூடு கட்டத் தெம்பு இல்லை. பவளத்தின் தவிட்டு நிறம் பெரும்பாலும் பாசியின் கொடையே. மான்கொம்புபோல் கிளைவிடும் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்வரை வளரும். உருண்டை உருண்டையாக இருக்கும் போரைட்டிஸ் வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஆள் உயரப் போரைட்டிஸ் ஒன்று நூறு வயதைத் தாண்டியதாக இருக்கலாம். அதன் மேல் ஏறி நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, அந்தச் சூடு சில வாரங்கள் நீடித்தால் பாலிப்பு தன் பாசிகளை வெளியேற்றிவிடும். திசு நிறமிழந்து, உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினியில் இருக்கும் பவளம். சூடு விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பி வரும். அந்தமானில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்த வெளுப்பு பரவலாக நேர்ந்தது. இதற்கு நடுவே 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் தீவுகளையே சாய்த்துவிட்டது. வடக்கிலும் மேற்கிலும் நிலம் மேலெழும்பிப் பாறைகள் நீருக்கு வெளியே வந்து காய்ந்து மடிந்தன. தெற்கில் நிலம் தாழ்ந்தது, சுனாமி வாரிக்கொண்டுவந்த மணல் பல இடங்களில் பவளத்தை மூடியது. இன்று ஒரே பாறையில் உடைந்த சாம்பல் நிறத் துண்டுகளும் அவற்றின் மேலேயே தளிர்க்கும் புதுக் கிளைகளும் சேர்ந்து தெரிவதற்கு இவையெல்லாம் காரணம்.

ஸ்நார்கெலிங்குக்கு நீச்சல் கட்டாயம் இல்லை. வழிகாட்டி ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுப்பார். அதைப் பிடித்துக் குப்புற மிதந்தால், அவர் வளையத்தை இழுத்தபடி பாறைக்கு மேலே கூட்டிப்போவார். கற்றுக்கொள்ள வேண்டியது வாயால் மூச்சு விடுவதை மட்டும்தான். மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடிவிடுவதால், பழக்கத்தில் மூக்கால் இழுத்துப் பார்ப்பவர் முதல் நிமிடத்தில் திணறுவார். இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் அமிழ்த்திச் சற்று நேரம் பழகிவிட்டுப் போவது எவ்வளவோ மேல். மாஸ்க்கின் ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ஒரு கற்றை முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்குக் கசிவு ஏறக்குறைய நிச்சயம். மீசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் ஓரளவு அடங்கும். கண்ணாடியில் பனி படராதிருக்க உள்பக்கம் எச்சிலைத் தடவி ஒருமுறை அலசுவது பழைய உத்தி. அருவருப்பாகத் தோன்றினாலும் பலன் உண்டு.

குழாய் ஏன் ஒரு முழம்கூட இருப்பதில்லை என்று சிலருக்குத் தோன்றும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் மார்பை அமுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். அதை எதிர்த்து விலாவை விரித்து, மேலேயுள்ள சாதாரணக் காற்றை இழுக்க மூச்சுத்தசைகளால் முடியாது. தவிர, நீளக் குழாயில் விட்ட மூச்சே தேங்கி மறுபடி உள்ளே வரும். மேற்பரப்பிலேயே இருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான். ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்பெல்லாம் மங்கிப்போகும். மேலே மிதப்பவருக்கே வண்ணம் அதிகம்.

கீழே தெரிபவற்றில் நின்று பார்க்கத் தகுந்தவை இரண்டு. ஒன்று கிளிமீன். அலகுபோன்ற பற்களால் பாறையைக் கரண்டிப் பாசி தின்னும். அந்தக் ‘கறுக் கறுக்’ சத்தம் காதிலேயே விழும். விழுங்கிய சுண்ணாம்பை அரைத்துப் பொடியாகக் கழித்துவிடும். வெள்ளைக் கடற்கரைகளின் மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். மற்றொன்று கடல் சாமந்தியின் கைகளுக்குள் ஒளிந்தாடும் கோமாளி மீன். ஒரு சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அது இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். அசையாமல் ஒரே இடத்தில் மிதப்பவரைத்தான் இவை பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்க்கும்.

ஜெட் ஸ்கீ இந்த அமைதிக்கு நேர் எதிர். அந்தப் பெயர் உண்மையில் 1973 முதல் கவாசாகி நிறுவனம் விற்றுவரும் வண்டிக்குரியது. இப்போது எல்லா நிறுவன வண்டிக்கும் அதுவே பெயராகிவிட்டது. இதற்கு வெளியே சுழலும் காற்றாடி கிடையாது. அடியிலுள்ள துவாரம் வழியாக இன்ஜின் தண்ணீரை உறிஞ்சி, பின்புறக் குழாய் வழியாக மிகுந்த விசையோடு பீய்ச்சும். அந்த உந்தலில் வண்டி முன்னே பாயும். கைப்பிடியைத் திருப்பினால் திரும்புவது அந்தக் குழாய்தான். ஆகவே கைப்பிடியிலுள்ள வேக விசையை விட்டுவிட்டால் பீய்ச்சல் நிற்கும், கூடவே திருப்பமும் நின்றுவிடும். எதிரே படகைக் கண்டு பதறி வேக விசையை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்புபவர் நேராகவே போய் மோதுவார். பல விபத்துகள் இப்படி நேர்ந்தவை. அந்தமானில் பெரும்பாலும் இயக்குபவர் கூடவே ஏறிக்கொள்வதால் பயணிக்கு இந்தக் கவலை குறைவு. சவாரியும் சில நிமிடங்களே. இயக்குபவரின் மணிக்கட்டில் மாட்டிய சுருள் கயிறு இன்ஜினின் பூட்டோடு இணைந்திருக்கும். அவர் விழுந்தால் இன்ஜின் தானே அணையும். அந்தக் கயிறு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறலாம்.

வெளியே காற்றாடி இல்லையென்பதால் பவளத்துக்குத் தீங்கில்லை என்று வாதிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. ஆழமில்லா நீரில் அதன் பீய்ச்சல் அடிமணலைக் கலக்கும், கலங்கிய மணல் பாலிப்புகளின் மேல் படியும், ஒளியும் குறையும். இரைச்சல் இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப்பில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மோட்டார் படகுச் சத்தம் உள்ளபோது சிறு மீன்கள் வேட்டை மீனிடம் சிக்குவது இரு மடங்குக்கும் அதிகமாகியது. பாறை உள்ள பகுதியை மிதவைகளால் பிரித்து, ஜெட் ஸ்கீக்குத் தனிப்பாதை விடும் கடற்கரைகள் இரண்டையும் ஒருவாறு சமாளிக்கின்றன.

உப்புநீர் முதலையைச் சொல்லாமல் அந்தமான் கடலைப் பற்றி எழுதக்கூடாது. 2010இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. ஓடை முகங்களும் அலையாத்திக் காட்டு ஓரங்களும் அதன் நடமாட்டப் பகுதிகள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் இறங்கவே கூடாது. சில கடற்கரைகளில் குளிப்பதற்கென வலை கட்டிய பகுதி உண்டு.

வெயிலுக்குக் களிம்பு தடவுவதைவிட நீளக்கை சட்டை மேல். மிதப்பவருக்கு முதுகும் கெண்டைக்காலும்தான் கருகும். களிம்பிலுள்ள ஆக்ஸிபென்சோன் பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021 முதல் அது கலந்த களிம்பின் விற்பனைக்குத் தடை இருக்கிறது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை எடுத்துப் பைக்குள் போடுவதும் குற்றமே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டுவிட்டன. விமான நிலையச் சோதனையில் சிக்கினால் பறிமுதலோடு வழக்கும் வரலாம். மேற்பரப்பில் மிதந்தவர் அன்றைக்கே சென்னைக்கு விமானம் ஏறத் தடையில்லை. சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கியவர் மட்டும் குறைந்தது 18 மணி நேரமாவது பொறுத்துத்தான் ஏற வேண்டும்.