பறக்குமா, விழுமா? மேசையிலேயே தெரியும்!

2007இல் வந்த ‘பில்லா’ படத்தில் நம் பத்துமலை முருகன் சிலைக்கு முன்னால் ஆடிய அஜித்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்களை ஓட்டுவதிலும் அவர் கைதேர்ந்தவர். 2018இல் சென்னை எம்.ஐ.டி. கல்லூரியின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு, தன் ஆளில்லா விமானங்களுக்கு அவரை ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி அது.

அந்த ஆசை பத்துமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பள்ளி விடுமுறைக்கு வந்த அக்கா மகனுக்காக ஒரு பயிற்சி விமானம் வாங்கினேன். நுரையால் ஆன உடல், 1.4 மீட்டர் நீள இறக்கை, மின்மோட்டார். பெட்டியைப் பிரித்ததுமே, “மாமா, இப்பவே பறக்க விடலாமா?” என்றான்.

கூடாது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பொருள், வேகமாகச் சுழலும் விசிறியோடு மனிதர்களின் தலைக்கு மேல் போகப் போகிறது. மேலே போன பிறகு கோளாறு தெரிந்தால், திருத்த சில நொடிகள்கூடக் கிடைக்காது.

பயிற்சி விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே இருக்கும். இரு முனைகளும் சற்று உயர்ந்திருக்கும். அதனால் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாக நிமிரப் பார்க்கும். ஆனால் கோணலாகப் பொருத்திய இறக்கையை அந்த அமைப்பும் காப்பாற்றாது. வாலின் நடுவிலிருந்து இரண்டு இறக்கை முனைகளுக்கும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். பசை வாங்கும்போது நுரையைக் கரைக்காத வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

இரு விரலில் சமநிலை

பேட்டரியைப் பொருத்தியபின், இறக்கைக்கு அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு விரல் வைத்து விமானத்தைத் தூக்குங்கள். இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 சென்டிமீட்டருக்குள் அது சமமாக நிற்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். வால் கனமாக இருந்தால் விமானம் கட்டுக்குள் நிற்காது. பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்.

திசை சரியா?

இதைப் பார்க்கும் முன் விசிறியைக் கழற்றிவிட வேண்டும். விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால், வலது இறக்கையின் மடிப்பு மேலேயும் இடது மடிப்பு கீழேயும் போக வேண்டும். குச்சியை நம் பக்கம் இழுத்தால் வால் மடிப்பு மேலே எழ வேண்டும்.

“மாமா, இது தலைகீழா அசையுது!” என்று கண்டுபிடித்தவன் அவன்தான். ரிமோட்டில் அந்தத் திசையை மாற்றியதும் சரியாகிவிட்டது. வானில் அப்படி இருந்திருந்தால், வலப்பக்கம் திருப்பத் திருப்ப இடப்பக்கம் சாய்ந்து தரையில் மோதியிருக்கும்.

அலை அறுந்தால்?

என் குரல் எப்.எம்.மில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் வருகிறது. இன்றைய ரிமோட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. வானொலியில் அலை அறுந்தால் ஒரு பாட்டுதான் போகும். இங்கே அறுந்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். விசிறி இல்லாத நிலையிலேயே ரிமோட்டை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்று சோதியுங்கள். மற்ற நேரங்களில் ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில் அணைப்பதே முறை.

லித்தியம் பேட்டரியைத் தீப்பிடிக்காத தரையில் வைத்து, பக்கத்தில் இருந்தபடியே சார்ஜ் செய்யுங்கள்.

எங்கே பறக்கவிடுவது?

கோயில் வளாகம் வேண்டாம். அங்கே எந்நேரமும் கூட்டம். ஆள் நடமாட்டமில்லாத, விமான நிலையங்களுக்குத் தொலைவான திடலைத் தேடுங்கள். அனுமதியின்றி 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு விதி. 140 அடி முருகன் சிலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரம் அது. மற்ற நிபந்தனைகளை மலேசிய சிவில் வான்போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டறிந்த பிறகே கிளம்புங்கள்.

முதல் பறப்பில் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். காற்று அடங்கிய காலை நேரம் நல்லது. கிளம்பும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். பறப்பதைவிட முக்கியமான பாடம் அதுதான்.